உபரி யாருக்கு உரியது? பச்சையப்பர் அறக்கட்டளையின் நிதியும் ஆட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

பச்சையப்ப முதலியார் 1794இல் எழுதிய உயில் கோயில் தர்மங்களுக்காக எழுதப்பட்டது. பள்ளி நிறுவுவது அதன் நோக்கமன்று. ஆயினும் அவ்வுயிலின் பெயரால் 1842 முதல் பள்ளிகளும் பின்னர்க் கல்லூரிகளும் நடைபெற்று வருகின்றன. தர்மங்களுக்கு ஒதுக்கியதுபோக எஞ்சிய தொகையைச் சென்னை உச்ச நீதிமன்றம் கல்விக்கு உரியதாக்கியதே இம்மாற்றத்தின் அடிப்படை. உபரியிலிருந்து பிறந்த ஓர் அறநிறுவனத்தின் கணக்கு முறை, மேற்பார்வை முறை, உரிமைப் பூசல் ஆகியவற்றை அப்பிறப்பே எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணாயிரம் கல்விச்சாலையின் சோழர்காலக் கணக்கும், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் கல்வி அறங்களும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறக்கட்டளை, உபரி, உயில், பச்சையப்பர், எண்ணாயிரம், தென்னார்க்காடு, கள்ளக்குறிச்சி, அறங்காவலர்

முன்னுரை

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன்பின் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. தென்னார்க்காட்டின் தலைநகரம் கடலூர். கடலூரில் பச்சையப்பர் அறக்கட்டளையின் ஆட்சியில் சி. கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. சிதம்பரத்தில் பச்சையப்பர் பெயரிலேயே பள்ளி உள்ளது. காஞ்சிபுரத்தில் வளர்ந்து சென்னையில் பொருளீட்டிய ஒருவரின் பெயர் தென்னார்க்காட்டின் கல்வி வரலாற்றில் இடம்பெறுவதற்குக் காரணம் அவருடைய உயில் என்று பொதுவாகச் சொல்லப்படும். அக்கூற்று பாதி உண்மையே. உயில் பணத்தைக் கொடுத்தது. பள்ளியைக் கொடுத்தது நீதிமன்றம்.

கல்வி அறங்களைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் கொடையாளரின் பெருமையைப் பேசுகின்றன. கொடை கைமாறிய பிறகு அதை யார் வைத்திருந்தார், யாரிடம் கணக்குக் காட்டினார், மிஞ்சியதை என்ன செய்தார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. ஓர் அறநிறுவனம் நிலைப்பதும் சிதைவதும் அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளில்தான் இருக்கிறது.

எண்ணாயிரம்: மிச்சம் வைக்காத கணக்கு

தென்னார்க்காட்டில் கல்வி அறத்தின் வரவு செலவை விரிவாகக் காட்டும் பழைய ஆவணம் விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்துக் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு. அங்கு நடந்த கல்விச்சாலையில் 340 மாணவர் பயின்றனர். 14 ஆசிரியர் கற்பித்தனர். மாணவருள் 270 பேர் வேதங்களையும் தொடக்கநிலை இலக்கணத்தையும் கற்ற இளநிலையினர்; 70 பேர் வியாகரணம், பிரபாகர மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றைக் கற்ற மேல்நிலையினர். இளநிலை மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவர் ஒருவருக்கு ஒரு குறுணி இரு நாழி நெல்.

இந்த அளவுகளைப் பெருக்கிப் பார்த்தால் அறத்தின் பரிமாணம் புலப்படும். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் வாய்பாட்டின்படி இளநிலையினருக்கு நாளொன்றுக்கு 1,620 நாழியும், மேல்நிலையினருக்கு 700 நாழியும் ஆக 2,320 நாழி, அதாவது 24 கலம் 2 குறுணி நெல் தேவைப்பட்டது. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் மாணவர் உணவுக்கு மட்டும் 8,700 கலம். ஆசிரியர் ஊதியம் இதற்குப் புறம்பானது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருபுவனையிலும் இதையொத்த ஏற்பாடு இருந்தது. அங்கு 260 மாணவருக்கும் 12 ஆசிரியருக்கும் 72 வேலி நிலம் விடப்பட்டது.

இக்கல்வெட்டுகளை உயர்கல்வியின் தொன்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். நிதி வரலாற்று நோக்கில் வேறொன்று முதன்மை பெறுகிறது. நிலத்தின் விளைவு இன்னாருக்கு இவ்வளவு என்று நாழிக் கணக்கில் முன்கூட்டியே பங்கிடப்பட்டுவிடுகிறது. எவருடைய விருப்பத்துக்கும் விடப்பட்ட எச்சம் என்று ஏட்டில் ஒன்றும் இல்லை. கோயில் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறித்த மரபும் இதே சிந்தனையுடையது. மந்தை பெருகினால் அப்பெருக்கம் மேய்ப்பவனுடையது. விளக்குக்கு வரவேண்டிய நெய்யின் அளவு மாறாது. கொடையின் அளவும் பயனும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. கட்டளை முறிந்தால் அறம் நின்றுபோகுமே தவிர, வேறோர் அறமாக மாறாது. எண்ணாயிரத்தின் கல்விச்சாலை அவ்வாறே நின்றுபோயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஓர் உயில் இந்த மரபிலிருந்து விலகிய பாதையில் சென்றது.

உயில்

பச்சையப்பர் 1754இல் பிறந்தவர். தந்தையார் விசுவநாத முதலியார் மகன் பிறக்குமுன்பே காலமானார், தாயார் பூச்சியம்மாள். சென்னையில் துபாசியாக இருந்த நாராயண பிள்ளை அக்குடும்பத்தை ஆதரித்துச் சிறுவனைத் தொழிலில் பழக்கினார். ஆங்கில அதிகாரிகளுக்கும் உள்ளூர் வணிகத்துக்கும் இடையில் நின்ற துபாசித் தொழிலில் பச்சையப்பர் விரைவில் உயர்ந்தார். சுலிவன் குடும்பத்தாருக்குத் துபாசியாக இருந்ததும், தஞ்சை அரசோடு கொண்ட பணத் தொடர்பும் அவருடைய செல்வத்தைப் பெருக்கின. நாற்பதாம் வயதில், 1794 மார்ச் 22 அன்று உயில் எழுதினார். அம்மாத இறுதியிலேயே காவிரிக் கரையில் மறைந்தார்.

உயிலின் நாட்டம் சமயத் தர்மங்களில் இருந்தது. காசி தொடங்கித் தென்னகம் வரையுள்ள தலங்களில் வழிபாடும் அன்னதானமும் நடத்த அவர் பொருள் ஒதுக்கினார். நிறைவேற்றும் பொறுப்பு நாராயண பிள்ளையிடம் விடப்பட்டது. அறத்துக்கென விடப்பட்ட தொகை ஓர் இலட்சம் வராகன் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்னும் கம்பெனி மாற்று விகிதத்தில் அது மூன்றரை இலட்சம் ரூபாய்.

இத்தகைய உயில் அன்றைய சூழலில் புதுமையானது. இந்துக் குடும்பச் சொத்து பொதுவாக மரபுரிமைப்படி இறங்கும்; கோயிலுக்குக் கொடுக்க நினைத்தவர் தம் வாழ்நாளிலேயே கட்டளை ஏற்படுத்திக் கோயிலிடமோ சபையிடமோ மடத்திடமோ ஒப்படைப்பார். இறந்தபின் நடக்கவேண்டியதைத் தாளில் எழுதி நம்பகமான ஒருவரிடம் விடுவது ஆங்கிலேயர் நகரத்து வழக்கம். எண்ணாயிரத்தில் அறத்தை நிறைவேற்றும் அமைப்பு ஊரிலேயே இருந்தது. பச்சையப்பரின் அறத்துக்கு அப்படியோர் அமைப்பு இல்லை. நண்பர் ஒருவரே அமைப்பு. துபாசிகளின் செல்வம் பெரும்பாலும் பிறருக்குக் கொடுத்த கடன்களாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தெண்ணினால், அந்த நண்பர் மேல் சுமத்தப்பட்ட பணி எளிதன்று எனலாம்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு தர்மம் முறையாக நடைபெறவில்லை. குடும்பத்தாரிடையிலும் பொறுப்பாளர் வழியினரிடையிலும் வழக்குகள் நீண்டன. அந்தக் காலத்தில் சென்னையின் நீதியமைப்பும் நிலையாக இல்லை. மேயர் நீதிமன்றம் போய் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. 1801இல் அதுவும் போய் உச்ச நீதிமன்றம் வந்தது. வழக்கைப் பொதுநல வழக்காக மாற்றியவர்கள் அரசின் தலைமை வழக்கறிஞர்கள் இருவர்: முதலில் ஹெர்பர்ட் காம்ப்டன், பின்னர் ஜார்ஜ் நார்ட்டன். அறச் சொத்துக்கு உரிமையாளர் என எவரும் இல்லாதபோது அரசியின் அல்லது அரசரின் சார்பில் தலைமை வழக்கறிஞர் அதைக் காக்கலாம் என்பது ஆங்கிலச் சமநீதி மரபு. காசிக்கும் சிதம்பரத்துக்கும் எழுதிவைத்த தர்மம் அந்த மரபின் காவலுக்குள் வந்தது.

நீதிமன்றத்தின் கைக்கு வந்தபோது நிதி ஏழு இலட்சம் ரூபாய்க்கும் மேல் வளர்ந்திருந்தது. இதைப் பெருவளர்ச்சி எனக் கொண்டாடுவது பொருந்தாது. நூற்றுக்கு ஐந்து தனிவட்டியிலேயே 20 ஆண்டுகளில் இரட்டிக்கும் தொகை, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இரட்டிப்பைச் சற்றே தாண்டியிருக்கிறது. பொறுப்பேற்பார் இல்லாத அறம் இழந்தது எவ்வளவு என்பதையும் அந்த எண் காட்டுகிறது.

லீட்ஸும் சென்னையும்

தர்மங்களுக்கு வேண்டிய தொகையை ஒதுக்கியபின் எஞ்சியதை என்ன செய்வது? உறவினருக்குக் கொடுக்கலாம், தர்மங்களையே பெருக்கலாம், வேறு அறத்துக்குத் திருப்பலாம். மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தேர்வுக்கு ஆங்கிலச் சட்டத்தில் வேர் உண்டு. 1609ஆம் ஆண்டின் தெட்போர்டு பள்ளி வழக்கில், ஓர் அறத்துக்காக முழுமையாக விடப்பட்ட நிலத்தின் வருவாய் பின்னர் உயர்ந்தால் அவ்வுயர்வும் அறத்துக்கே சேரும் என முடிவாயிற்று. நிலத்தை வைத்திருந்தவர் கூடுதலைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. பேராட்டு மரபுக்கு நேரெதிரான விதி இது. மேய்ப்பவனின் பெருக்கம் விளக்குக்கே உரியதாகிவிடுகிறது.

கூடுதல் எந்த அறத்துக்குச் சேரும் என்பதில்தான் சிக்கல். கொடையாளரின் நோக்கத்துக்கு இயன்றவரை அணுக்கமான பயன் ஒன்றைத் தேடவேண்டும் என்பது ‘சை ப்ரே’ எனப்படும் கோட்பாடு. இக்கோட்பாட்டை இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் அக்காலத்தில் மிக இறுக்கமாகக் கையாண்டன. 1805இல் லீட்ஸ் இலக்கணப் பள்ளி வழக்கில், இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க விடப்பட்ட பணத்தைப் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற பாடங்களுக்குச் செலவிட இசைய முடியாது என எல்டன் பிரபு தீர்ப்பளித்தார். பள்ளிப் பணத்தை அதே பள்ளியின் வேறு பாடத்துக்குத் திருப்பவும் தடை. அதைத் தளர்த்த 1840இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

அதே சட்ட மரபில் பயின்றவர்கள் சென்னையில் கோயில் தர்மத்தின் உபரியை ஆங்கிலப் பள்ளிக்குத் திருப்பினர். சட்டத்தின் தருக்கம் மட்டும் இதை விளக்காது. அன்றைய சென்னை அரசியலையும் பார்க்கவேண்டும். எல்பின்ஸ்டன் ஆளுநராக இருந்தபோது 1841இல் உயர்நிலைப் பள்ளி ஒன்றை அரசு தொடங்கியது. நார்ட்டன் அம்முயற்சியில் முன்னின்றவர். அதே 1841இல் ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஆண்டர்சனின் பள்ளியில் படித்த இந்து மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றது நகரத்து இந்துக் குடும்பங்களைக் கலங்கச் செய்தது. ஆங்கிலக் கல்வி வேண்டும், ஆனால் மறைப்பணிப் பள்ளி வேண்டாம் என்ற தவிப்புக்குப் பச்சையப்பரின் உபரி விடையாயிற்று. கோயில்களின் நேரடி நிருவாகத்திலிருந்து கம்பெனி அரசு விலகத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி கோயில், கல்விச்சாலை, சத்திரம், பாலம் ஆகிய எல்லா அறக்கொடைகளையும் வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வைத்திருந்தது. அப்பொறுப்பைக் கைகழுவும்படி இலண்டனிலிருந்து அழுத்தம் வந்தது. பணத்தை இந்துப் பெரியவர்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைப்பது எல்லாருக்கும் வசதியான முடிவாக அமைந்தது.

1842 சனவரி 1 அன்று கருப்பர் நகரத்துப் பாபம் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி தொடங்கிற்று. 1846இல் நார்ட்டன் அடிக்கல் நாட்ட, 1850இல் ஆளுநர் பாட்டிஞ்சர் திறந்துவைத்த பச்சையப்பர் மண்டபம் ஏதென்ஸ் நகரத்துக் கோயிலொன்றின் சாயலில் எழுந்தது. காஞ்சிபுரத்துக் கோயில்களில் ஈடுபாடு கொண்டவரின் பணத்தில் கிரேக்கக் கோயிலின் தூண்கள் நின்றன.

அறங்காவலரும் இரட்டைக் கணக்கும்

இவ்வாறு பிறந்த நிறுவனத்துக்கு இரண்டு பேரேடுகள் தேவைப்பட்டன. ஒன்று சமயத் தர்மங்களுக்கு, மற்றொன்று கல்விக்கு. முதலாவதில் செலவு நிலையானது. இந்தக் கோயிலில் இந்தக் கட்டளைக்கு இவ்வளவு என வரையறுக்கப்பட்டது. இரண்டாவதில் வரவும் செலவும் விரியக்கூடியவை. முதலாவது பேரேடு எண்ணாயிரத்தின் வழித்தோன்றல். இரண்டாவதுக்குத் தமிழ் மரபில் முன்னோடி இல்லை. எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம் என எதையும் கொடையாளர் சொல்லாத இடத்தில் அறங்காவலர் குழுவே கொடையாளரின் இடத்தில் அமர்ந்தது.

குழுவின் அதிகாரம் இதனால் பெருகிற்று. பிற கொடையாளரும் தம் நிதிகளை இக்குழுவிடமே ஒப்படைக்கலாயினர். தொடக்ககால அறங்காவலருள் ஒருவரான கோமளேசுவரன்பேட்டைச் சீனிவாசப் பிள்ளை கல்விக்கு விட்ட கொடை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் கந்தசாமி நாயுடு பெயரிலான அறமும் அவ்வாறு இணைந்தது. தனித்தனிக் கொடைகளுக்குப் பொதுக் காப்பாளராக இக்குழு மாறியது. ஒவ்வொரு கொடைக்கும் தனிநோக்கமும் தனிக்கணக்கும் உண்டு. ஆனால் முடிவெடுப்பவர் ஒருவரே. நிதிகள் ஒன்றோடொன்று கலக்கும் வாய்ப்பு அமைப்பிலேயே பொதிந்திருந்தது என்பதைச் சுட்ட எவர்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையைக் கொணர்ந்தபின் மூன்றாவது வரவு சேர்ந்தது. 1889இல் பச்சையப்பர் கல்லூரி முதல்தரக் கல்லூரியாயிற்று. இராமானுஜன் 1906இல் இக்கல்லூரியில் சேர்ந்து தேர்வில் தோற்றவர் என்பது கணித வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுப் பகுதியின் பரந்த வளாகத்துக்குப் பெயர்ந்தது. மு. வரதராசனார் தமிழ் கற்பித்த ஆண்டுகளும், அண்ணாதுரை பயின்றதும் இக்கல்லூரியைத் தமிழ் அரசியல் பண்பாட்டு வரலாற்றில் நிலைநிறுத்தின.

எனினும் 1947 வரை இந்துக்கள் அல்லாதார் இங்குச் சேர முடியவில்லை. நிதியின் ஊற்று சமயத் தர்மம் என்பதால் பயனும் அச்சமயத்தாருக்கே என்ற நிலைப்பாடு நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. பச்சையப்பர் கல்வியைப் பற்றி எழுதவில்லை; ஆகவே கல்வி யாருக்கு என்றும் எழுதவில்லை. அந்த எல்லையை வரைந்தவர்கள் உபரியை ஆண்டவர்களே. கொடையாளரின் விருப்பம் என்ற சொல் எத்தனையோ முடிவுகளுக்குப் போர்வையாக உதவியிருக்கிறது; இது அவற்றுள் ஒன்று.

கணக்குக் கேட்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதும் கருதத்தக்கது. மாணவரிடமோ பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அது இல்லை. அறம் நீதிமன்றத்தில் பிறந்ததால் நீதிமன்றமே அதன் மேற்பார்வையாளர். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இந்த உறவை நிலைப்படுத்திற்று. பொது அறத்தில் நம்பிக்கை மீறல் நேர்ந்தால் தலைமை வழக்கறிஞரோ, அவ்வறத்தில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவரோ வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்றம் அறங்காவலரை நீக்கலாம், புதிய திட்டம் வகுக்கலாம். 1976இல் திருத்தம் வரும்வரை தனியார் வழக்குத் தொடுக்கத் தலைமை வழக்கறிஞரின் எழுத்திலான இசைவு வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப்பின் நீதிமன்றத்தின் அனுமதி போதும். பச்சையப்பர் அறக்கட்டளையும் உயர் நீதிமன்றத்தின் திட்டத் தீர்ப்பின் கீழேயே இயங்குகிறது. பூசல் எழுந்தால் முறையிடும் இடமும் அதுவே. ஆகவே இந்த அறத்தின் வரலாற்றைக் கல்லூரி மலர்களைவிட வழக்குக் கட்டுகள் முழுமையாகச் சொல்லும்.

சிதம்பரத்தின் வேறு இரு வழிகள்

பச்சையப்பர் பள்ளி அமைந்த சிதம்பரத்திலேயே வேறு இருவகைக் கல்வி அறங்கள் தோன்றின. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், 1864இல் சிதம்பரத்திலும் அதே பெயரில் பள்ளி நிறுவினார். மறைப்பணிப் பள்ளிக்கு மாற்று என்ற நோக்கில் அதுவும் பச்சையப்பர் பள்ளியும் ஒன்றே. நிதி முறையில் இரண்டும் இரு துருவங்கள். நாவலரின் பள்ளிக்கு நீதிமன்றம் வகுத்த முதல் இல்லை. அன்பர் கொடையும் அவருடைய ஓயாத உழைப்புமே முதல். நோக்கம் பற்றி ஐயமே எழாத அறம் அது. நிறுவனரின் சொல்லே சட்டம். அதன் வலுவின்மையும் அங்கேயே தொடங்குகிறது, ஏனெனில் ஒருவரின் ஆளுமையில் நிற்கும் நிதிக்கு அவருக்குப்பின் வாரிசுதாரர் உண்டா என்பது எப்போதும் திறந்த வினா.

மூன்றாவது வழி அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அண்ணாமலைச் செட்டியார் தம் கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயும் வழங்க, 1928ஆம் ஆண்டின் சட்டத்தால் அது உருவாகி 1929இல் இயங்கத் தொடங்கியது. இங்கே நிறுவனர் குடும்பத்தின் இடத்தைச் சட்டமே உறுதி செய்தது. இணைவேந்தர் பதவி நிறுவனர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியதாயிற்று. பொதுப்பணம் பெறும் பல்கலைக்கழகம் ஒன்றில் மரபுரிமைப் பதவி எண்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தது. கடும் நிதி நெருக்கடி ஏற்பட்டபோது 2013இல் மாநில அரசு நிருவாகத்தை ஏற்றுப் புதிய சட்டம் இயற்றியது. பச்சையப்பர் அறத்தில் குடும்பம் வழக்கின் முடிவில் வெளியேறிவிட்டது. அண்ணாமலையில் குடும்பம் சட்டத்தின் வழியே உள்ளே இருந்தது. நிதிச் சிக்கல் இரண்டையும் தீண்டிற்று. ஆகவே குடும்பத்தின் தலையீடு மட்டுமே கேட்டுக்குக் காரணம் என்ற எளிய விளக்கம் நிற்காது.

ஊதியம் அரசுடையது, நியமனம் குழுவுடையது

விடுதலைக்குப் பின்னர்ப் பச்சையப்பர் கல்லூரிகளின் பொருளியல் தலைகீழாயிற்று. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியம் அரசின் செலவாயிற்று. கொடையாளரின் முதலிலிருந்து வரும் வட்டியோ வாடகையோ கல்லூரியின் செலவில் சிறுபகுதியே. அப்படியானால் அறக்கட்டளை எதை ஆள்கிறது? மூன்றை ஆள்கிறது: நிலத்தை, கட்டடங்களை, நியமனங்களை. சென்னை நகரத்தின் நடுவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாங்கிய மனைகளின் மதிப்புப் பன்மடங்கு உயர்ந்தது. குத்தகையும் வாடகையும் அதே அளவில் உயரவில்லை என்பது நகர்ப்புற அறச்சொத்துகள் யாவற்றுக்கும் பொதுவான நோய். நியமன அதிகாரமோ ஊதியச் சுமை இல்லாத அதிகாரம். ஆளைத் தேர்பவர் ஒருவர், கூலி கொடுப்பவர் மற்றொருவர் என்னும் இப்பிரிவே நெருக்கடிகளின் விளைநிலம். 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குழுவை அமைத்து இதைச் சீராக்க முயன்றது. ஆறு கல்லூரிகளுக்கும் மேல் ஒரே அறக்கட்டளை அமர்ந்திருக்கும் நிலையில் அக்குழுக்களுக்குத் தனித்து இயங்கும் வலு இருக்குமா என்பது ஐயமே.

அறக்கட்டளைத் தேர்தல் பூசல்கள் நீதிமன்றத்தை அடைந்தபோது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இடைக்கால நிருவாகியாக நியமிக்கப்பட்டார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனிநீதிபதி, ஆறு கல்லூரிகளிலும் செய்யப்பட்ட 254 உதவிப் பேராசிரியர் நியமனங்களைச் செல்லாதவை என அறிவித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. நியமனம் பெற்றோரின் வாழ்வும், அவர்களிடம் பயின்ற மாணவரின் படிப்பும் ஒரே தீர்ப்பில் தொங்கின. உபரியை எவர் ஆள்வது என்னும் 1830களின் வினா, ஆசிரியப் பணியிடத்தை எவர் ஆள்வது என்னும் வினாவாக உருமாறி அதே நீதிமன்ற மரபின் முன் வந்து நின்றது.

கள்ளக்குறிச்சியும் கோயில் உபரியும்

வணிகரின் உயில் சென்றடைந்த இடங்கள் சென்னை, காஞ்சிபுரம், சிதம்பரம், கடலூர் போன்ற நகரங்கள். மேற்கே கள்ளக்குறிச்சி வட்டத்துக்கு அத்தகைய கொடை எட்டவில்லை. அதற்கும் மேற்கே கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் 1976 வரை இருந்தது. விளைச்சலில் மிஞ்சியதை ஜாகீர் வரியாகவும் ஊழியமாகவும் எடுத்துக்கொண்ட மலையில், கல்விக்குத் திருப்பப்பட ஓர் உபரி சேர்வதற்கே வழி இல்லை. அங்குப் பள்ளி என்பது பெரும்பாலும் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியே. முதலும் இல்லை, அறங்காவலரும் இல்லை, ஆண்டு ஒதுக்கீடு மட்டுமே உண்டு.

சமவெளியில் இன்று கேட்கப்படுவது கோயில் உபரியைப் பற்றிய வினா. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கோயிலின் தேவைபோகச் சேர்ந்த உபரியை 66ஆம் பிரிவு சொல்லும் நோக்கங்களுக்கு ஆணையரின் முன்அனுமதியோடு பயன்படுத்த இடமளிக்கிறது. கல்வி அவற்றுள் அடங்கும். ஆயின் இந்து சமயம், தத்துவம் முதலியவற்றின் கல்விக்கு இடமளிக்கும் நிறுவனம் என்ற நிபந்தனையும் உண்டு. கொளத்தூர், திருச்செங்கோடு, ஒட்டன்சத்திரம், விளாத்திகுளம் ஆகிய இடங்களில் அறநிலையத் துறை தொடங்கிய கல்லூரிகள் பற்றிய வழக்கில், அவற்றில் இந்து சமயப் பாடம் கற்பிக்கப்பட வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றிப் புதிய கல்லூரிகள் தொடங்கலாகாது என 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நார்ட்டன் காலத்து நீதிமன்றம் கோயில் தர்மத்தின் எச்சத்தைக் கல்விக்குத் தாராளமாகத் திறந்தது. 2021இன் நீதிமன்றம் அதே எச்சத்தின் மீது, எல்டன் பிரபுவை நினைவூட்டும் கண்டிப்போடு, நோக்கத்தின் எல்லையை வரைந்தது. பச்சையப்பர் வழக்கில் பணம் எவருடைய கையிலும் உறுதியாக இல்லாதிருந்தது. இங்கே கோயிலும் இறைவனும் நிலைத்த உரிமையாளராக இருக்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ஒன்றை மற்றதற்கு முன்னுதாரணமாகக் காட்டுவது பிழையாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் தோன்றியவுடன் இவ்வினா அதன் வாசலிலேயே எழுந்தது. வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயிலின் நிலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கட்டும் திட்டம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. நிலத்தை விற்கலாமா, குத்தகைக்கே விடலாமா, மதிப்பை எவர் உறுதி செய்வது, கிடைக்கும் பணத்தில் கோயிலுக்கு முதலில் என்ன செய்யப்படவேண்டும் என்பவை அங்கு வழக்காடப்பட்டன. பழுதுற்ற கோயிலின் நிலையும் அவ்வழக்கில் பேசுபொருளாயிற்று. ஒரு கோயிலுக்கு உபரி உண்டு என்று சொல்வதற்குமுன் அதன் தேவை இவ்வளவு என்று எவரேனும் அளந்திருக்க வேண்டும். எண்ணாயிரத்துக் கல்வெட்டு நாழிக் கணக்கில் செய்தது அந்த வேலையைத்தான்.